கரிக்கோச்சி ஓடிய படச்சுருள்கள்: கேள்வி பதில்

கரிக்கோச்சி, அதாவது கரியில் ஓடிய நீராவி ரயில், வரும் பழைய படங்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். வெள்ளவத்தையில் என் வீட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய 8 மிமீ, 16 மிமீ சுருள்கள்தான். முப்பது வருடமாக இதே வேலை.

கேள்வி (கொட்டாஞ்சேனை): ஐயா, அப்பப்பா ரயில்வேயில் இருந்தவர். அவர் எடுத்த நான்கு 8 மிமீ சுருள்கள் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தன. திறந்தால் வினாகிரி மணம். பழைய புரொஜெக்டரும் வீட்டில் இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் மகள், தயவுசெய்து போடாதீர்கள். அந்த மணம்தான் நோயின் அடையாளம். உங்கள் சுருள் போன்ற அசிட்டேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து அசெட்டிக் அமிலத்தை விடும். டின் இறுக மூடியிருந்தால் அந்த அமிலம் உள்ளேயே தங்கிச் சிதைவை இன்னும் வேகமாக்கும். கொழும்புக் காற்றின் ஈரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சுருங்கிய சுருளின் ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாது. ஒரு கடையில் இப்படிப் போட்டுக் காட்டப்போய், மருதானையில் என்ஜினுக்குத் தண்ணீர் நிரப்பும் காட்சி என் கண்முன்னே கிழிந்துபோனது. அதற்கு வேறு பிரதி இல்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சுருள்களை டின்னிலிருந்து எடுத்து, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், மற்றச் சுருள்களுக்குப் பக்கத்தில் வைக்காமல், குளிரான உலர்ந்த அறையில் வையுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் பதிவு செய்வதே பாதுகாப்பு. பதிவு செய்த பிறகும் மூலச்சுருளை எறிந்துவிடாதீர்கள். தீப்பிடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். அது நைட்ரேட் ஃபிலிமின் குணம். 1950களின் தொடக்கம் வரை 35 மிமீ படங்களில்தான் அதைப் பாவித்தார்கள்.

கேள்வி (தெஹிவளை): சுருளில் திகதி இல்லை. எந்த வருடம் எடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கொடக் சுருளென்றால் ஓரத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும். அவை ஃபிலிம் தயாரித்த வருடத்தைக் குறிப்பவை. ஆனால் அதே குறி 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். 1938க்கும் 1958க்கும் ஒரே குறிதான். அப்போது காட்சிதான் சாட்சி. பின்னால் நீண்ட தூர ரயிலை இழுக்கும் டீசல் என்ஜின் நின்றால் 1950களுக்கு முன் போக முடியாது. யாழ்ப்பாணத்துக்கு ஓடும் யாழ்தேவி ரயிலின் பெயர்ப்பலகை தெரிந்தால் 1956 ஏப்ரலுக்குப் பிந்தியது. ஓரத் துளை மிகச் சிறிதாக இருந்தால் அது சூப்பர் 8; 1965க்கு முன் அப்படி ஒன்று இல்லை.

கேள்வி (வத்தளை): நானுஓயாவில் எடுத்த படத்தில் என்ஜினைச் சுற்றி வெண்மேகம். அதே என்ஜின் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் நிற்கும்போது ஒன்றுமே இல்லை. கமராவின் பிழையா?

பதில்: கமராவின் பிழையில்லை, குளிரின் வேலை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது குளிர்ந்து நுண்துளிகளாகும்போதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. கொழும்பு வெயிலில் அந்தத் துளிகள் உடனேயே காற்றில் கரைந்துவிடும். கறுப்புப் புகை வேறு விஷயம், அது சரியாக எரியாத கரி. கடுகண்ணாவ ஏற்றத்தில் 45 அடிக்கு 1 அடி ஏற வேண்டும். அங்கே என்ஜின் முழு மூச்சில் இழுக்கும். ஆகவே பழைய சுருள்களில் அந்த ஏற்றத்துக் காட்சிகளை முதலில் காப்பாற்றுங்கள் என்பேன்.

கேள்வி (கிருலப்பனை): 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தில் விழும் ரயில் நிஜமா? எங்கள் வீட்டருகே போகும் களனிவெளி ரயில் பாதையால்தான் படம் எடுத்த இடத்துக்குப் போனதா?

பதில்: ரயிலும் நிஜம், பாலமும் நிஜம். கதை நடப்பது தாய்லாந்தில், ஆனால் டேவிட் லீன் 1957இல் அந்தக் காட்சியை எடுத்தது நமது கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். கித்துல்கலைக்கு ரயில் பாதை ஒருபோதும் இருந்ததில்லை. தண்டவாளம் படத்துக்காகவே போட்டது. களனிவெளிப் பாதையும் அப்போது 2 அடி 6 அங்குல அகலம்தான். 5 அடி 6 அங்குலப் பாதையாக மாற்றியது 1990களில். ஆகவே ஒரு சுருளில் உங்கள் வீட்டருகே ஒடுங்கிய தண்டவாளம் தெரிந்தால் அது அதற்கு முந்தியது.

கேள்வி (பம்பலப்பிட்டி): ஊமைச் சுருளுக்கு ரயில் சத்தம் சேர்த்தால் என்ன?

பதில்: எனக்குப் பிடிக்காது. சேர்ப்பதானால் சக்கரத்தைப் பார்த்துச் சேருங்கள். இரண்டு சிலிண்டர் என்ஜினில் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்ற நான்கு 'குப்' வர வேண்டும். பழைய 8 மிமீ பெரும்பாலும் நொடிக்கு 16 சட்டகம், அதாவது 16 தனிப் படங்கள். அதை 25இல் ஓட்டினால் சரக்கு ரயிலும் பறக்கும். முதலில் அந்த வேகத்தைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி (இரத்மலானை): பிள்ளைகளுக்குப் பழைய என்ஜின்களை எங்கே காட்டலாம்?

பதில்: கடுகண்ணாவ ரயில் நூதனசாலையில்.

கேள்வி (மட்டக்குளி): அண்ணை, அப்பா தெமட்டகொடை என்ஜின் ஷெட்டில் ஃபயர்மனாக, என்ஜினுக்குக் கரி போடுபவராக, இருந்தவர். உங்களிடம் உள்ள சுருளில் ஒரு ஃபயர்மன் வருகிறார் என்றீர்கள். அப்பாவின் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

பதில்: தம்பி, உங்கள் கேள்வியை நாலைந்து தரம் வாசித்தேன். அந்தக் காட்சி மூன்று நொடிதான், ஆனால் அதில் 48 சட்டகம் இருக்கிறது. அவர் சவளை நிறுத்திவைத்துவிட்டு, கழுத்தில் கிடந்த துவாயால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கமராப் பக்கம் திரும்புகிறார். பதினொரு சட்டகத்தில் முகம் தெளிவு. இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு மாதிரித் தெரிகிறது, கரியாகவும் இருக்கலாம். அம்மா இருந்தால் ஞாயிறு பின்னேரம் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டுகிறேன். அப்பாவோடு வேலை செய்த யாராவது மருதானைப் பக்கம் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பக்கத்தில் நிற்கும் டிரைவரின் பெயரும் எனக்கு வேண்டும்.