பழனி யாத்திரை: வாசகர் கேள்விகள்

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு மொரீஷியஸிலிருந்து பழனிக்குக் கிளம்புகிறவர்களின் கடிதங்கள்தான் இம்முறை அதிகம்.

ஆண்டிக் கோலப் படத்தை வீட்டில் வைக்கலாமா? (ரோஸ் ஹில்)

தாராளமாக வைக்கலாம். வறுமை வரும் என்பதெல்லாம் வெறும் பேச்சு.

நாங்கள் போகும்போது ரோப் கார் ஓடுமா? (திரியோலே)

எந்த மாதம் போகிறீர்கள் என்றே எழுதவில்லை, நான் என்ன சொல்ல? பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் நிறுத்துவார்கள், வருஷத்துக்கு ஒருமுறை வாரக்கணக்கில். காற்று பலமாக அடித்தாலும் நிற்கும். முடிந்தவர்கள் படியேறுங்கள், சுமார் 700 படிதான். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் போன் கூடாது. அடிவாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

டூரில் பழனிக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். போதுமா? (கத்ர் போர்ன்)

போதாது. விஞ்சில், அதாவது மலைமேல் இழுத்துச் செல்லும் ரயிலில் ஏறி, தரிசனம் முடித்து, பஞ்சாமிர்த டப்பாவோடு மதுரைக்கு ஓடுகிற யாத்திரையைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துவிட்டது. அறுபடை வீடு என்று வாய் நிறையச் சொல்கிறோமே, திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் மூன்றாவதாகச் சொல்வது ஆவினன்குடியை. அந்தத் திருஆவினன்குடி கோயில் இருப்பது மலைமேல் அல்ல, அடிவாரத்தில். மயில்மேல் அமர்ந்த குழந்தை வேலாயுதர் அங்கே காத்திருக்க, பஸ் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது! முதலில் அவரைக் கும்பிட்டு, கிரிவீதியைச் சுற்றி, அப்புறம்தான் மலை. பெரியவர்கள் வைத்த முறை அதுதான்.

இன்னொன்று. சிவகிரி, சக்திகிரி இரண்டையும் தோளில் தூக்கி வந்த இடும்பனிடமிருந்துதான் காவடியே தொடங்கியது என்பது தலபுராணம். அவனுக்குச் சன்னிதி படிவழியில் இருக்கிறது. இங்கே பத்து நாள் விரதம் இருந்து, நாக்கில் வேல் குத்தி, செம்புப் பால் திரியாமல் கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்கு ஏறுகிறவர்கள், பழனியில் விஞ்சில் போய் அவனைப் பார்க்காமலே திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை. டூர்காரரிடம் ஒரு முழு நாள் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கிரிவீதியில் நவபாஷாண லிங்கம் விற்கிறார்களாமே, வாங்கலாமா? (போர்ட் லூயி)

வேண்டாம். ஒன்பது நச்சுப் பொருள்களின் கலவையான நவபாஷாணத்தால் மூலவரைச் செய்தவர் போகர் என்ற சித்தர் என்பது மரபு. அது கடையில் கிடைக்கிற சரக்கல்ல. இரவில் மூலவருக்குச் சாத்தும் சந்தனம் காலையில் பிரசாதமாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பஞ்சாமிர்தம் அசல்? (பெயர், ஊர் இல்லை)

தேவஸ்தான ஸ்டால் டப்பா. 2019ல் புவிசார் குறியீடு பெற்றது அதுதான். வாங்கப் போகும் முன் திருஆவினன்குடிக்குப் போய்விட்டீர்களா?