வட்டமும் முக்கோணமும் வரைந்த ரஸா எப்படி இயற்கை ஓவியர் ஆனார்?

கேள்வி நியாயமானதுதான். எஸ். எச். ரஸா என்று தேடினால் கறுப்பு வட்டம், முக்கோணம், பட்டை பட்டையாக நிறங்கள் இவைதான் வந்து விழுகின்றன. மரமும் காணோம், ஆறும் காணோம். பிறகு எதற்கு அவரைக் காட்டின் பிள்ளை என்கிறார்கள்?

ஊரிலிருந்து ஆரம்பித்தால்தான் இதற்குப் பிடி கிடைக்கும். 1922-ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தில், மண்டலா பக்கம் பாபரியா என்ற சின்ன கிராமத்தில் பிறந்தவர். அப்பா வனத்துறையில் ரேஞ்சர். நர்மதை ஆறு, காடு, கோண்டு பழங்குடிகள், இதுதான் சிறுவயது. அந்தக் காட்டு ராத்திரிகள் தன்னை நடுங்க வைத்ததாக ரஸா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். துணைக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்று காட்டியது சில சமயம் கோண்டுகளின் ஆட்டம் மட்டும்தானாம். விடிந்தால்தான் நிம்மதி. சந்தை நாள் வந்தால் வெயிலில் கிராமமே வண்ணமாக ஜொலிக்கும். மறுபடி ராத்திரி. இந்த இரண்டும் தன் ஓவியங்களை விட்டுப் போகவே இல்லை என்பது அவர் வாக்குமூலம்.

ஆனால் அவரைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் சொல்வது பள்ளிக்கூடக் கதையைத்தான். பாடத்தில் மனம் நிற்காமல் அலைபாய்ந்த பையனை ஆசிரியர் பிடித்து உட்கார வைத்து, சுவரில் ஒரு புள்ளி வைத்து, இதையே பார்த்துக்கொண்டிரு என்றாராம். பிந்து, அதாவது அவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கறுப்பு வட்டம், வந்த வழி அது. ரஸாவே சொன்ன கதை, மறுக்க நான் யார்? இருந்தாலும் சுவர்ப் புள்ளியிலிருந்து உருவம் வேண்டுமானால் வந்திருக்கலாம், அதில் இருக்கும் கறுப்பு அந்தக் காட்டு இருட்டிலிருந்து வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அங்கே போய்ச் சேர அவருக்கு அரை ஆயுள் பிடித்தது. நாக்பூரில் படிப்பு, பிறகு பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளி. 1947-ல் சூசா, ஹுசைன், ஆரா இவர்களோடு முற்போக்கு ஓவியர் குழு. அடுத்த வருஷம் காஷ்மீரில் பிரெஞ்சு புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் இவர் படங்களைப் பார்த்துவிட்டு, திறமை இருக்கிறது, கட்டுமானம் போதவில்லை, பிரெஞ்சு ஓவியர் செசானைப் படி என்று சொல்லியிருக்கிறார். 1950-ல் உதவித்தொகையில் பாரிஸ் போனவர் அதை அப்படியே செய்தார். ஐம்பதுகளின் படங்களில் பிரெஞ்சு கிராமங்கள், வீடுகள், மாதா கோயில்கள் எல்லாம் கல் அடுக்கியதுபோல் உறுதியாக நிற்கும். 1956-ல் அங்கே விமர்சகர் பரிசும் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

1962-ல் அமெரிக்காவில் பெர்க்லியில் பாடம் நடத்தப் போனார். அங்கே, வெறும் நிறப் பரப்புகளாலேயே படம் வரைந்த அமெரிக்க ஓவியர் ரோத்கோவின் வேலை அவரைப் பிடித்துக்கொண்டது. இவர் படங்களில் வீட்டின் சுவரும் கூரையும் கரைய ஆரம்பித்தன. எண்ணெய் வண்ணத்திலிருந்து சீக்கிரம் காயும் அக்ரிலிக்குக்கு மாறினார், தூரிகை வேகம் பிடித்தது. கண்ணுக்குத் தெரிகிற காட்சி போய், அதன் சூடும் இருட்டும் மட்டும் மிஞ்சின. எழுபதுகளின் நிலம், காடு சார்ந்த படங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

1983-ல் வரைந்த 'சௌராஷ்டிரா' ஒன்றே போதும். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். கட்டம் கட்டமாகப் பிரித்து, உள்ளே சிவப்பும் காவியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒரு கட்டத்தில் கறுப்பு வட்டம். தள்ளி நின்றால் கணக்குப் போட்டு வரைந்த மாதிரி தெரியும். கிட்டே போனால் எங்கு பார்த்தாலும் தூரிகை இழுபட்ட தடம்தான். ஸ்கேல் வைத்து வரைகிறவர் கை இல்லை அது. 2010-ல் லண்டன் ஏலத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் போனதால் அதன் விலையைத்தான் எல்லோரும் பேசினார்கள், படத்தைப் பற்றிப் பேசியவர்கள் கம்மி.

பிந்துவுக்குப் பிறகு வந்த 'முளைவிடுதல்' வரிசைப் படங்களில் அந்த வட்டம் விதை. முக்கோணங்கள் வேராகவும் துளிராகவும் கீழும் மேலும் போகும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற ஐந்து நிறங்களும் ஐம்பூதங்களைக் குறிப்பவை. தத்துவம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விதை முளைப்பதைப் பார்க்காதவர் யார்?

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்து பதினைந்து வருஷப் படங்கள் பலவற்றில் கோடு சுத்தமாக இருக்கிறது, நடுக்கம் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பிந்து கொடுத்த மாதிரி ஒரு சலிப்பு தட்டுகிறது. இணையத்தில் அதிகம் சுற்றுவதும் அவைதான். அதனால் அவரை வயது வரிசையில் பாருங்கள்: முதலில் காஷ்மீர் நீர்வண்ணங்கள், அப்புறம் பிரெஞ்சு கிராமங்கள், அப்புறம் எழுபதுகளின் காடு. அதற்குப் பிறகு 1981-ல் வரைந்த 'மா' படத்துக்கு வாருங்கள். அதில் ஒரு இந்தி வரி எழுதியிருப்பார், திரும்பி வரும்போது அம்மாவுக்கு என்ன கொண்டு வருவேன் என்ற பொருளில். முப்பது வருஷம் பாரிஸில் இருந்த ஆள் அப்போது எந்த ஊரை நினைத்தார் என்பதற்கு உரை தேவைப்படாது.