அரைத் தொன் பிக்கப் போதுமா? கதவைத் திறந்து பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். கனடா வந்து ஒன்றரை வருசம். ஸ்காபுறோவில் மச்சானோடு சேர்ந்து லாண்ட்ஸ்கேப்பிங் (வீட்டுத் தோட்டம், முற்றம் அமைக்கிற தொழில்) தொடங்கப் போகிறீர்கள். அரைத் தொன் என்கிற ரகத்தில் பாவித்த ஃபோர்ட் எஃப்-150 பிக்கப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறீர்கள், விற்கிறவர் "11,000 பவுண்ட் இழுக்கும்" என்கிறார். கோடையில் பிள்ளைகளோடு அல்கொன்குவின் பார்க் பக்கம் கேம்பிங் ட்றெயிலரும் இழுக்க ஆசை. இது போதுமா, இல்லை அதைவிடக் கூடப் பாரம் தாங்குகிற முக்கால் தொன் ரகம் வாங்கத்தான் வேண்டுமா?

நீங்கள் சொன்ன வேலைக்கு அரைத் தொன் போதும். ஆனால் அந்த 11,000 என்ற கணக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சாரதிப் பக்கக் கதவைத் திறவுங்கள். கதவு வந்து பூட்டுகிற தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ரயருக்கு எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கிற அதே ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அதுதான் பேலோட். அது அந்த ஒரு வாகனத்துக்கென்றே அச்சடித்தது. ஒரே வருசம், ஒரே மொடல் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்றில் 1,900 பவுண்ட் இருக்கும், மற்றதில் 1,400 இருக்கும். பெரிய கபின், நாலு சில்லு இழுவை, கண்ணாடிக் கூரை, மின்சார சீற் எல்லாம் அந்தப் பேலோட்டிலிருந்துதான் கழிகின்றன. ஆடம்பரம் கூடக்கூட சுமக்கிற பலம் குறையும்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஸ்டிக்கரில் 1,500 பவுண்ட் என்று வைப்போம். நீங்கள், மச்சான், உதவிக்கு இரண்டு பேர்: ஆளுக்கு 180 என்றால் 720. பின்பெட்டியில் மண் இறுக்குகிற பிளேற் கொம்பக்டர், கல்லு வெட்டுகிற மெசின், மண்வெட்டி, பெற்றோல் கான் எல்லாம் சேர்த்து 300. மிச்சம் 480. ட்றெயிலரை இழுக்கும்போது அதன் மூக்கு பிக்கப்பின் பின்னால் இருக்கிற கொளுவியில், அதாவது ஹிட்ச்சில் அழுத்துமே, ரங் வெயிற் என்பார்கள், அந்தப் பாரமும் இந்த 480க்குள்தான் அடங்க வேண்டும். மொத்த ட்றெயிலர் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். 12 என்று எடுத்தால், 480க்கு நீங்கள் இழுக்கக்கூடிய ட்றெயிலர் 4,000 பவுண்ட். 11,000 எங்கே, 4,000 எங்கே! அதே வண்டியில் நீங்களும் மச்சானும் மட்டும் போனால் 7,000 வரை வரும். கொம்பனி சொல்கிற இழுவைக் கணக்கு, ஆளுக்கு 150 பவுண்ட் வீதம் இரண்டு பேர் முன்னால் இருக்க, பின்பெட்டி வெறுமையாக இருக்கப் போட்டது. விற்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் வேலையாட்களும் இல்லை, சாமானும் இல்லை.

மூக்குப் பாரத்தைக் குறைத்தால் சரிதானே என்று நினைத்துப் பின்பக்கம் ஏற்றிவிடாதீர்கள். நான் ஒருமுறை நிலத்தில் பதிக்கிற இன்டர்லொக் கல்லை ட்றெயிலரின் அச்சுக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டு 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறினேன். வேகம் 100ஐத் தொட, பின்னால் மெல்ல ஆடத் தொடங்கியது, அடுத்த நொடி பிக்கப்பையே சேர்த்து ஆட்டியது. நல்லகாலம், பிறேக்கை மிதிக்கவில்லை. காலை அக்சிலேற்றரில் இருந்து எடுத்து, ஸ்ரியறிங்கை நேரே பிடித்துக்கொண்டு இருந்தேன், தானாக அடங்கியது. ஓரத்தில் நிறுத்தி அத்தனை கல்லையும் கையாலே முன்னுக்கு மாற்றினேன். ட்றெயிலருக்கு மின்சார பிறேக்கும், டாஷ்போர்டில் அதற்குரிய கொன்ட்ரோலரும் இருந்தால் ட்றெயிலர் பிறேக்கை மட்டும் கையால் அழுத்தி இழுத்து நிமிர்த்தலாம். என்னிடம் அன்றைக்கு அது இருக்கவில்லை.

கல்லு, மண் ஏற்றுகிற விசயத்தில்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாகப் பிழைவிடுகிறார்கள். முக்கால் அங்குலக் கல் ஒரு கியூபிக் யார்ட் 2,500 முதல் 3,000 பவுண்ட் வரும். மழை பெய்து நனைந்திருந்தால் இன்னும் கூட. நான் தொழில் தொடங்கிய முதல் கோடையில் கல்லும் மண்ணும் விற்கிற கல்முற்றத்துக்குப் போனபோது, லோடர் ஓட்டியவர் தலையை வெளியே நீட்டி "அரையா?" என்று கேட்டார். நான் "முழுசு" என்றேன். என்னை ஒருக்கால் பார்த்துவிட்டுக் கொட்டினார். சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் நாலு விரல் இருந்த இடத்தில் ஒரு விரலும் போகவில்லை. முன்பக்கம் எழும்பி, ஸ்ரியறிங் பிடியே இல்லாமல் பஞ்சுபோல் இருந்தது. ஒரு இறக்கத்தில் சிவப்பு விளக்குக்குப் பிறேக் போட்டால் வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய் பாதசாரிக் கோட்டின் நடுவில்தான் நின்றது. கரையில் ஒரு தாய் பிள்ளை வண்டிலோடு நின்றார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே கல்லையும் மண்ணையும் அரைத் தொன்னில் நீங்கள் ஏற்றவே வேண்டாம். முற்றக்காரரே டம்ப் ட்றக்கில் கொண்டுவந்து வாசலில் கொட்டுவார்கள், அந்தக் கூலியை வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற விலையிலேயே சேர்த்துப் போடுங்கள். செடியடிக்குப் போடுகிற மரச்சீவல் மல்ச் என்றால் ஒரு யார்ட் பயமில்லாமல் ஏற்றலாம், அது பாரமில்லை. குப்பை கொட்டுகிற இடத்தில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நிறுப்பார்கள் அல்லவா, அந்தத் துண்டை எறியாமல் வைத்துப் பாருங்கள். உங்கள் வண்டி உண்மையில் எவ்வளவு சுமக்கிறது என்பது அதில் இருக்கும்.

கேம்பிங் ட்றெயிலர் விசயம். ஏற்றி முடித்த பாரம் 6,000 பவுண்டுக்குள் இருக்கட்டும். விளம்பரத்தில் போடுகிற வெறும் பாரத்தை நம்பாமல், பற்றறி, காஸ் சிலிண்டர், சட்டிபானை எல்லாத்துக்குமாக 1,000 பவுண்ட் கூட்டிப் பாருங்கள். அதே 1,500 பேலோட்டில் குடும்பமாக நாலு பேரும் 450, மூக்குப் பாரம் 13 சதவீதம் என்றால் 780, மூக்குப் பாரத்தை முன் சில்லுகளுக்கும் பகிர்கிற வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் 100. மிச்சம் 170தான், ஐஸ்பெட்டியும் பிள்ளைகளின் சைக்கிளும் அதற்குள் முடிந்துவிடும். தண்ணீர்த் தாங்கியை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு போகாதீர்கள், 150 லீற்றர் என்றால் 150 கிலோ. பார்க்கிலேயே நிரப்பலாம். அந்த ஹிட்ச்சில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பல அரைத் தொன்களில் அது இல்லாமல் 5,000 பவுண்டுக்கு மேல் இழுக்க அனுமதியே இல்லை, பம்பருக்குக் கீழே ஹிட்ச்சில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைக் குனிந்து வாசியுங்கள்.

சட்டம்: ஒன்ராறியோவின் சாதாரண கார் லைசென்ஸான ஜி லைசென்ஸில் 4,600 கிலோ வரை ட்றெயிலர் இழுக்கலாம். ட்றெயிலர் ஏற்றிய பாரத்தோடு சேர்த்து 1,360 கிலோ வந்தால் அதற்குப் பிறேக் கட்டாயம். தொழிலுக்கு ஓடும்போது வண்டியும் ட்றெயிலரும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால் தொழில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்கான சி.வி.ஓ.ஆர் பதிவும் வருடாந்தப் பரிசோதனையும் வேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்குத் தொழில் பாவனை என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மறைத்தால் விபத்து நாளில் காசு தராமல் விடக்கூடும்.

முக்கால் தொன் எப்போது? சின்ன எக்ஸ்கவேற்றரோ, நிரம்பிய டம்ப் ட்றெயிலரோ கிழமையில் மூன்று நாலு நாள் இழுக்கிற காலம் வந்தால் யோசிக்காமல் மாறுங்கள். அதற்கு முன் வேண்டாம். வெறுமையாக ஓடும்போது குலுக்கும், எரிபொருள் குடிக்கும், டீசல் என்றால் குளிரில் கிட்டக்கிட்ட ஓடுகிற ஓட்டத்துக்குப் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். மாதத்தில் இரண்டு தரம் பெரிய இழுவை வந்தால் வாடகைக்கு எடுத்தாலே மலிவு.

அந்த எஃப்-150க்குப் பின்னால் போய் ட்றெயிலர் வயர் செருகுகிற சொக்கற்றைப் பாருங்கள். ஏழு முனை இருந்தால் நல்லது. நாலு முனை மட்டும் என்றால் விளக்கு எரியும், ட்றெயிலர் பிறேக்குக்கு வயரே இல்லை. பிறகு கீழே படுத்து டோர்ச் அடித்து, பின் சில்லுப் பக்கச் சட்டத்தையும் பிறேக் குழாயையும் பாருங்கள். இங்கத்தைய உப்பு அங்கேதான் முதலில் தின்னும். புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் ஸ்குறூ டிறைவரால் தட்டிப் பாருங்கள், பொருக்கு உதிர்ந்தால் வாங்காமல் வாருங்கள்.

கதவு ஸ்டிக்கரையும் ஹிட்ச் ஸ்டிக்கரையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். முற்பணம் கட்ட முன்னம் அனுப்பினால், சனிக்கிழமை நானும் வந்து கீழே படுத்துப் பார்க்கிறேன்.