மிச்சம் 2.6 எங்கிருந்து வந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுகோள் ஒன்றின் பாதையை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றே அதன்மேல் மோதவிடப்பட்ட டார்ட் விண்கலம் பற்றிய உங்கள் கட்டுரையில், சிறுகோளுக்குக் கிடைத்த உந்தம் (நிறை × திசைவேகம்) விண்கலம் கொண்டுவந்ததைப்போல 3.6 மடங்கு என்று எழுதியிருந்தீர்கள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், "உந்தம் அழியாதென்றால் பெருகவும் கூடாதே, மிச்சம் 2.6 எங்கிருந்து வந்தது?" என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆற்றலும் கூடவே பெருகிவிட்டதா?

க.

அன்புள்ள க.,

மகள் கேட்டது நல்ல கேள்வி. நம் பாடநூல்களில் மோதல் என்றாலே இரண்டு பந்துகள்தான், ஆகவே எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்ற சந்தேகமே பிள்ளைகளுக்கு வருவதில்லை. இங்கே விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

2022 செப்டம்பர் 26 அன்று டிமார்ஃபஸ் என்ற அந்தச் சிறுகோளில் போய் முட்டியபோது டார்ட்டின் நிறை ஏறக்குறைய 580 கிலோ, வேகம் நொடிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிமார்ஃபஸ் சுமார் 150 மீட்டர் அகலம், நிறை 430 கோடி கிலோ என்பது மதிப்பீடு. சுவரில் வரட்டி தட்டியதுபோல கலம் அப்படியே அப்பிக்கொண்டிருந்தால் சிறுகோளின் வேகம் நொடிக்கு 0.8 மில்லிமீட்டர் மாறியிருக்கும். மாறியதோ 2.7 மில்லிமீட்டர். மோதிய கோணத்தையும் தூசி கிளம்பிய திசையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த 3.6 வரும்.

டிமார்ஃபஸ் கெட்டியான ஒற்றைப் பாறை இல்லை, கற்களும் மண்ணும் தளர்வாகக் குவிந்து கிடக்கும் மேடு. மோதிய வேகத்தில் பத்து லட்சம் கிலோவுக்கும் மேற்பட்ட மண்ணும் கல்லும் கலம் வந்த திசையை நோக்கியே பீறிட்டுக் கிளம்பின, டார்ட்டோடு போயிருந்த இத்தாலியக் குட்டிக் கலம் அதைப் படமெடுத்து அனுப்பியது. கலம் கொண்டுவந்தது +1 என்றால் அந்தத் தூசி எதிர்ப்பக்கமாக எடுத்துப்போனது −2.6, சிறுகோளுக்குக் கிடைத்தது +3.6. கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், 1தான் வரும். தூசியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால்தான் உந்தம் பெருகியதுபோலத் தெரியும்.

சரி, ஆற்றல்? அது பெருகவே இல்லை. கலத்தின் இயக்க ஆற்றல் சுமார் 1,100 கோடி ஜூல். சிறுகோளின் வேக மாற்றத்துக்குப் போனது (மோதலுக்கு முன் அது நின்றுகொண்டிருந்ததாக வைத்துப் பார்த்தால்) ஏறத்தாழ 16 ஆயிரம் ஜூல்தான்! மீதியெல்லாம் பாறையை உடைப்பதிலும் சூடாக்குவதிலும் மண்ணை வீசுவதிலும் தீர்ந்துபோனது. ஒரு கிலோ கல்லை நொடிக்கு 1000 மீட்டர் வேகத்தில் எறிய 5 லட்சம் ஜூல் வேண்டும். 1000 கிலோவை நொடிக்கு 1 மீட்டரில் தள்ள 500 ஜூல் போதும். உந்தம் இரண்டிலும் ஒன்றே. அதாவது நிறைய மண்ணை மெதுவாக வீசினால் கொஞ்சம் ஆற்றலிலேயே நிறைய உந்தம் கிடைத்துவிடும், கட்டுரையைப் படித்தவர்களைக் குழப்பியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

நிறை மையத்தையும், அதாவது மொத்த நிறையின் சராசரி இருப்பிடத்தையும், பற்றிச் சொல்லிவிடுகிறேன். கலம், சிறுகோள், தூசி மூன்றையும் சேர்த்தால், அவற்றின் பொதுவான நிறை மையத்துக்கு மோதல் நடந்ததே தெரியாது, சூரியனும் டிடிமோஸும் எப்படி இழுக்கின்றனவோ அப்படியே போய்க்கொண்டிருக்கும். (டிடிமோஸ் என்பது டிமார்ஃபஸ் சுற்றிவரும் பெரிய சிறுகோள்.) அந்த ஜோடியின் நிறையில் டிமார்ஃபஸின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லாததால், ஜோடி சூரியனைச் சுற்றும் பாதையில் ஏற்பட்ட மாற்றம் மிக மிகச் சிறியது. ஆனால் டிமார்ஃபஸ் டிடிமோஸைச் சுற்ற எடுக்கும் நேரம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து அரைமணிக்கும் மேல் குறைந்தது, அதைத் தரையிலுள்ள தொலைநோக்கியிலேயே பிடித்துவிட்டார்கள். ஜோடிக் கோளைத் தேர்ந்தெடுத்தது கெட்டிக்காரத்தனம்.

அப்புறம், அந்த 3.6ஐக் கல்லில் எழுதிவிட வேண்டாம். டிமார்ஃபஸின் நிறையை யாரும் நேரடியாக அளக்கவில்லை, அதன் அடர்த்தியை எவ்வளவு என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து 2.2இலிருந்து 4.9 வரை எதுவாகவும் இருக்கலாம். அளப்பதற்காகத்தான் ஐரோப்பாவின் ஹீரா கலம் 2024 அக்டோபரில் கிளம்பிப் போயிருக்கிறது. நிறை கூடுதலாக வந்தால் 3.6 ஏறுமா இறங்குமா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள்.