ஃபிரிட்ஜுக்குத் தீபாவளி கிடையாது

கேள்வி: கடலூர் குண்டு உப்பலவாடி பக்கம் இருக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் வேலை. தீபாவளி போனஸ் 25,000 ரூபாய் வரும். 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்ததில் பழைய ஃபிரிட்ஜ் போய்விட்டது, காயலான் கடையில் போட்டோம். இந்த தீபாவளிக்குப் புதிது வாங்க ஆசை. கடலூரில் ஒரு கடையில் 28,500 சொல்கிறார்கள், டெலிவரி சேர்த்து. பாண்டிச்சேரியில் ‘ஜிஎஸ்டி குறைப்பு ஆஃபர்’ என்று 26,990-க்குத் தருகிறார்கள். என் தம்பியின் கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். ஐந்து பேருக்குத் துணியும் எடுக்க வேண்டும். போன வருடம் ஆஃபரில் செல்போனும் மிக்ஸியும் வாங்கிவிட்டு, பொங்கல் செலவுக்கு என் தோட்டை 12,000-க்கு அடகு வைத்து, ஏழு மாதம் கழித்துத்தான் மீட்டோம். நூற்றுக்கு இரண்டு வட்டி. இந்த வருடம் அப்படி ஆகக் கூடாது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் முதலில் கணக்குப் போட்டது ஃபிரிட்ஜை அல்ல, தோட்டைத்தான். 12,000-க்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் 240 ரூபாய். ஏழு மாதத்துக்கு 1,680. போன தீபாவளிக்கு செல்போனிலும் மிக்ஸியிலும் சேர்த்து எவ்வளவு தள்ளுபடி கிடைத்தது என்று பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் பெரும்பகுதி அடகுக்கடைக்குப் போயிருக்கும்.

வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் பத்து வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். அதனால் நீங்கள் அனுப்பிய பாண்டிச்சேரிக் கடைச் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 26,990 என்ற எண்ணுக்கு மேல் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது, கவனித்தீர்களா? சீட்டின் அடியில் அதே குறி போட்டு, கார்டு தள்ளுபடி 1,500, எக்ஸ்சேஞ்ச் 1,500 உட்பட என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆக அந்த ஃபிரிட்ஜின் விலை 29,990. எக்ஸ்சேஞ்ச் கொடுக்க உங்களிடம் பழைய ஃபிரிட்ஜ் இல்லை. தம்பி கார்டுக்கு 1,500 கழித்தால் 28,490. கடலூர் வரை டெலிவரிக்கு 600 என்று அதே சீட்டில் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். 29,090 ஆயிற்று. இஎம்ஐ கணக்கு இன்னும் பாக்கி.

அதற்கு முன் அந்த ஜிஎஸ்டி போர்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கியவை ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, பாத்திரம் கழுவும் மெஷின் போன்றவை. ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் 2018 ஜூலையிலேயே 18 ஆக்கிவிட்டார்கள், இந்த முறை அதில் மாற்றமே இல்லை. கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஏசிக்காக அடித்த போர்டு கடை முழுக்கத் தொங்குகிறது, அவ்வளவுதான்.

பாண்டியில் வரி கம்மி என்ற பேச்சும் நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. ஒரு காலத்தில் அது நிஜம். கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் மிக்ஸி, கிரைண்டர் வாங்கி வருவோம். 2017 ஜூலை 1-க்கு அப்புறம் லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும் நேரு வீதியில் வாங்கினாலும் ஜிஎஸ்டி ஒன்றுதான். பெட்ரோல், டீசல், மது போன்றவை ஜிஎஸ்டிக்குள் வராததால் அவற்றில் வித்தியாசம் நிற்கிறது. பாண்டியில் கடைகள் அதிகம், போட்டியும் அதிகம். அதனால் சில சமயம் விலை குறையலாம். அது வரியால் வந்த குறைவு இல்லை.

சரி, நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே இல்லை என்று காட்டிக் கடன் கொடுக்கும் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குத் தடை செய்துவிட்டது. அப்படியானால் இப்போது நடப்பது என்ன? வங்கி வட்டி போடுகிறது. அந்த வட்டி அளவுக்கு கம்பெனியோ கடையோ விலையில் முன்கூட்டியே கழித்துவிடுகிறது. 30,000 ரூபாய்ப் பொருள், ஆறு மாதத் தவணை, ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி உங்களுக்குக் கடனாக எழுதுவது ஏறத்தாழ 28,730. மீதி 1,270 வட்டி. மாதம் 5,000 வீதம் கட்டினால் 30,000. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 229 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 464. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், தம்பியின் ஸ்டேட்மென்டில்தான் வந்து நிற்கும். கூடவே இன்னொன்று: கையில் காசை வைத்தால் குறைத்துத் தரக்கூடிய தொகையை இஎம்ஐ கேட்கிறவருக்குத் தர மாட்டார்கள். அந்தக் காசுதான் வட்டிக்குப் போகிறது.

ஏறத்தாழ அந்த 464-ஐயும் சேர்த்தால் உங்கள் பாண்டிக் கணக்கு 29,500-ஐத் தாண்டிவிட்டது. கடலூர் 28,500 அதைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. தம்பியிடம் கடன்பட்ட சங்கடத்தை இதில் நான் சேர்க்கவில்லை. ஒரு மாதம் தவணை தவறினால் அபராதம் மட்டுமல்ல, கெடுவது அவருடைய கிரெடிட் ஸ்கோர்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு கடையிலும் ஒரே மாடலா? பாண்டிச் சீட்டில் மாடல் எண் இருக்கிறது, கடலூர் விலையை நீங்கள் வாய்ச்சொல்லாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரே கம்பெனி, ஒரே லிட்டர், ஒரே நிறம், கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறு; உள்ளே கண்ணாடித் தட்டுக்குப் பதில் கம்பித் தட்டு, மூன்று ஸ்டாருக்குப் பதில் இரண்டு. பண்டிகைக்கென்றே இப்படி மாடல்கள் வந்து இறங்கியதை நான் இன்வாய்ஸில் பார்த்திருக்கிறேன். மாடல் எண்ணை முழுசாக எழுதி வாங்காமல் இரண்டு விலைகளை ஒப்பிடவே கூடாது. ஸ்டார் ஸ்டிக்கரில் எத்தனை ஸ்டார் என்பதோடு நிற்காமல், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பதையும், அந்த ஸ்டிக்கர் எந்தக் காலம் வரைக்கும் என்பதையும் படியுங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவார்கள். பழைய மூன்று ஸ்டார் புதுக் கணக்கில் இரண்டு ஸ்டாராக இருக்கலாம்.

அப்புறம், கடையில் உங்களிடம் ரொம்ப அன்பாகப் பேசி ஒரே கம்பெனிப் பெட்டியையே திறந்து திறந்து காட்டுகிறவர் பெரும்பாலும் கடை ஆள் அல்ல. அந்தக் கம்பெனி நிறுத்தியிருக்கும் பிரமோட்டர். அவருக்கு மாத டார்கெட் உண்டு, பீஸுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ் உண்டு. “பண்டிகை முடிஞ்சா ரேட் ஏறிடும்க்கா” என்பார். பாவம், அவர் பிழைப்பு அது. ஆனால் நம்ப வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். இந்த தீபாவளிக்கு ஃபிரிட்ஜ் வாங்காதீர்கள். வெள்ளத்தில் போனதிலிருந்து ஃபிரிட்ஜ் இல்லாமல் குடித்தனம் நடத்திவிட்டீர்கள்; இன்னும் மூன்று மாதம் தாங்கும். துணியும் பலகாரமும் அன்றைக்கு இல்லாவிட்டால் தீபாவளி இல்லை. ஃபிரிட்ஜுக்கு அப்படியொரு நாள் கிடையாது. பொங்கலுக்கும் குடியரசு தினத்துக்கும் இதே போர்டுகள் தேதி மாற்றித் தொங்கும். வெயில் ஏறி ஃபிரிட்ஜ் விற்பனை சூடுபிடிப்பதற்கு முந்திய மாதம் ஜனவரி. போன வருடத் தயாரிப்பைத் தள்ளிவிட கடைக்காரரும் பார்ப்பார், பேரம் படியும்.

இதைவிடப் பெரிய காரணம் உங்கள் தெருவே. நம் ஊரில் தீபாவளி முடிந்த கையோடு மழை. தானே புயல் 2011 டிசம்பர் 30, பெருமழை 2015 நவம்பர், டிசம்பர், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து பெண்ணையாறு பொங்கியது 2024 டிசம்பர். எல்லாமே தீபாவளியை ஒட்டியோ, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவிலோதான். புது ஃபிரிட்ஜில் தண்ணீர் புகுந்தால் வாரன்டியில் வராது. எக்ஸ்டெண்டட் வாரன்டி எழுதியிருந்தாலும் வெள்ளச் சேதம் பொதுவாக அதில் கிடையாது. அந்த மூன்று மாதம் 25,000-இல் ஒரு பங்கு கையிருப்பாக இருந்தால், தண்ணீர் வந்தாலும் தோடு காதில் இருக்கும்.

துணிக்கு வருவோம். போர்டில் ‘50 சதவீதம் வரை’ என்றால் அதில் முக்கியமான சொல் ‘வரை’. மூலையில் ஒரு ரேக்குக்கு 50, மற்றதெல்லாம் 10. ‘50 + 20’ என்றால் 70 இல்லை. 1,000 ரூபாய்த் துணி 500 ஆகி, அந்த 500-இல் 20 சதவீதம் போய் 400, ஆக 60தான். ‘2 எடுத்தால் 1 இலவசம்’ என்பது 33 சதவீதம், அதுவும் மூன்றாவது சட்டை உங்களுக்குத் தேவையாக இருந்தால். 500 ரூபாய் கூப்பனை நான் தள்ளுபடியாகவே எண்ணுவதில்லை; இன்னொரு தடவை வந்து செலவு செய் என்ற அழைப்பிதழ் அது.

ஒரு கதை சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால் பாண்டியில் ஒரு கடையில் ‘1 எடுத்தால் 1 இலவசம்’ பார்த்து நானே சட்டை எடுத்தேன். விலை 1,899. வீட்டில் வந்து டேக்கை நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், 1,099. இரண்டு சட்டை 1,899 என்றால் ஒன்று 950 சொச்சம். ஆக எனக்குக் கிடைத்த தள்ளுபடி சட்டைக்கு 150 ரூபாய், 14 சதவீதம்கூட இல்லை. பத்து வருடம் விலை எழுதியவனுக்கே இந்தக் கதி. என் மனைவி இன்னும் அந்தச் சட்டையை ‘இலவசம்’ என்றுதான் கூப்பிடுகிறாள். அன்றிலிருந்து டேக்கைத் தடவிப் பார்க்காமல் எடுப்பதில்லை.

மாமியாருக்கும் உங்களுக்கும் சேலை என்றால் கோ-ஆப்டெக்ஸைப் பாருங்கள். வருடா வருடம் தீபாவளிக்கு அங்கே 30 சதவீதம் தள்ளுபடி விடுகிறார்கள். நாளுக்கு ஒரு விலை அங்கே கிடையாது என்பதால் அந்தத் தள்ளுபடியை நான் நம்புவேன். குழந்தைகளுக்கு பாண்டி சண்டே மார்க்கெட் தோதுதான். பில் எதிர்பார்க்க முடியாது, தையலையும் ஜிப்பையும் அங்கேயே இழுத்துப் பாருங்கள். எந்தக் கடையானாலும் தைத்த உடைக்கு, ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினால் 18. எம்ஆர்பி என்பதே வரி உட்பட்ட விலை. அதில் தள்ளுபடி கழித்துவிட்டு மேலே வரி போட்டால் கேளுங்கள்; தேசிய நுகர்வோர் ஆணையம் 2017-லேயே அது தவறு என்று சொல்லியிருக்கிறது.

பில் இல்லாமல் ஃபிரிட்ஜ் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு அது செல்லும். குறையுள்ள பொருளுக்குச் செல்லாது: பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பாண்டியில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம், அதற்காகப் பஸ் ஏற வேண்டாம்.

பணத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: துணிக்கு 9,000, பட்டாசு பலகாரத்துக்கு 3,000. மீதி 13,000-ஐ வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அந்த ஏடிஎம் கார்டை மாமியாரிடம் கொடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதோடு 15,500 சேர்க்க வேண்டியிருக்கும். முழுசும் சேராது என்றால் ஜனவரியைப் பிப்ரவரி ஆக்குங்கள், அடகு மட்டும் வேண்டாம். இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடலூர் கடைக்குப் போய், 28,500 சொன்ன ஃபிரிட்ஜின் மாடல் எண்ணை முழுசாக, டெலிவரி உட்பட என்ற வார்த்தையோடு, கடைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பொங்கல் கழிந்து அதே சீட்டோடு போய், “இதற்கு என்ன ஃபைனல் ரேட்?” என்று கேளுங்கள்.