பரம்பரை என்று முடிவு கட்டும் முன் உயரக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. உயரம் 130 செ.மீ., எடை 40 கிலோ. நானும் என் கணவரும் பருமனானவர்கள். பரம்பரை வாகு என்றால் ஒன்றும் செய்வதற்கில்லையா? வீட்டு எடை மெஷின் அவன் உடல் கொழுப்பைக் காலையில் 31 சதவீதம், இரவில் 35 சதவீதம் என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். 40 கிலோவில் 4 சதவீதம் என்றால் 1.6 கிலோ. ஒரே பகலில் அவ்வளவு கொழுப்பு யாருக்கும் ஏறாது. அந்த மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பாதத்திலிருந்து மறுபாதத்துக்குச் சிறு மின்சாரத்தை அனுப்பி, உடல் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. அதை வைத்து உடலின் நீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்கிடுகிறது. குடித்த தண்ணீர், சாப்பாடு, வியர்வை, ஈரப் பாதம் என எல்லாமே அந்த எண்ணை மாற்றும். மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே போவதால் வயிற்றுக் கொழுப்பு சரியாகப் பிடிபடாது. கொழுப்பு நீங்கிய திசுவில் பெரியவர்களுக்கு நீர் சுமார் 73 சதவீதம். குழந்தைகளுக்கு அதைவிட அதிகம். பெரியவர்களின் சமன்பாடு குழந்தைகளுக்குப் பொருந்தாது.

உங்களிடம் உள்ள நல்ல எண்கள் உயரமும் எடையும்தான். எடை 40-ஐ, மீட்டரில் உயரமான 1.3-ஆல் இருமுறை வகுத்தால் பி.எம்.ஐ. எனும் உடல் நிறைக் குறியீடு 23.7. பெரியவர்களுக்கான உலகப் பொது அட்டவணையில் இதைத் தேடினால் 25-க்குக் கீழே, நலம் என்று வரும். பலர் ஏமாறுவது இங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் 8 வயதுப் பையனுக்கு நடுமதிப்பே 15.7, 19.7-ஐத் தாண்டினால் பருமன். உங்கள் மகன் அந்தக் கோட்டை நன்றாகவே தாண்டிவிட்டான்.

கொழுப்பையே அளக்க வேண்டுமென்றால் காலிப்பர் என்ற இடுக்கி போன்ற அளவுகருவியால் தோல்மடிப்பின் தடிமனை எடுக்கலாம். மேற்கையின் பின்புறம், தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே குறியிட்டு, குறிக்கு 1 செ.மீ. மேலே தோலையும் கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து, குறியில் காலிப்பரை வைத்து 2 விநாடி கழித்துப் படிக்க வேண்டும். கெண்டைக்காலின் உள்பக்கத்திலும் அப்படியே. பையன்களுக்கு இரண்டின் கூட்டுத்தொகையை 0.735-ஆல் பெருக்கி 1 கூட்டினால் கொழுப்புச் சதவீதம். கூட்டுத்தொகை 38 மி.மீ. என்றால் சுமார் 29. மிகப் பருமனான குழந்தைகளிடம் மடிப்பு கைக்குள் அடங்காது, பிழை கூடும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் அளந்தால்தான் ஒப்பிட முடியும். எக்ஸ் கதிரால் உடல் கொழுப்பை அளக்கும் டெக்சா ஸ்கேன் இதைவிடத் துல்லியமானது. ஆனால் உங்கள் மகன் விஷயத்தில் முடிவெடுக்க அது தேவையில்லை.

இனி பரம்பரை. அதன் பங்கு பெரிதுதான், மறுக்கவில்லை. தனித்தனி வீடுகளில் வளர்ந்த ஒரு கரு இரட்டையர்களின் பி.எம்.ஐ.கூட நன்றாக ஒத்துப்போகிறது. ஆனால் பெரும்பாலும் அது பல மரபணுக்களின் சிறு சிறு தள்ளுதல். 2007-இல் பேசப்பட்ட எஃப்.டி.ஓ. மரபணுவின் பாதக வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற பெரியவர்கள்கூட, பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோதான் கூடுதல். இந்த மரபணுக்களில் பல மூளையில் வேலை செய்பவை. பசியைக் கூட்டும், வயிறு நிறைந்த உணர்வைத் தாமதப்படுத்தும். அதனால் பையனைப் பேராசைக்காரன் என்று திட்டாதீர்கள். வீட்டில் கண்ணெதிரே என்ன இருக்கிறது என்பதை மாற்றுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது.

ஒரே மரபணுக் கோளாறால் வரும் பருமன் வேறு. பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனே சுரக்காத குழந்தைகள் 1997-இல் முதலில் அறியப்பட்டார்கள்; ஊசியாக லெப்டின் கொடுத்ததும் அவர்களின் பசி அடங்கியது. ஆக, மரபணு என்றாலே கைவிட வேண்டும் என்பது அங்கேயும் உண்மையில்லை. 5 வயதுக்கு முன்பே கடும் பருமன், அடக்கவே முடியாத பசி, உணவைத் திருடி ஒளித்துத் தின்பது, பேச்சிலும் படிப்பிலும் பின்தங்குவது, பார்வைக் குறை, ஆறாவது விரல் போன்றவை இருந்தால் மரபணுப் பரிசோதனை கேளுங்கள். எல்லாக் குழந்தைக்கும் அது வேண்டாம்.

அதற்கும் முன்னே பார்க்க வேண்டியது உயரம். சாதாரணப் பருமனுள்ள குழந்தை வயதுக்கு நல்ல உயரமாகவே இருக்கும். உங்கள் மகனின் 130 செ.மீ. சராசரிக்குச் சற்று மேல். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டால் அது தைராய்டு அல்லது கார்ட்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்) கோளாறாக இருக்கலாம். அவனுடைய பழைய உயர, எடைப் பதிவுகளையெல்லாம் தேடி எடுத்து, வளர்ச்சி வரைபடத்தில் குறித்து, அந்தத் தாளோடு குழந்தை மருத்துவரிடம் போங்கள். மெஷின் காட்டிய எண்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.