பிரமாணப் பத்திரத்தில் அண்ணனைத் திட்டாதீர்கள்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): அப்பா 2007-ல் உயில் எழுதாமல் காலமானார், அம்மா அதற்கு முன்பே இல்லை. அண்ணனும் நானும்தான் வாரிசு. அவர் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, 2009-லிருந்து என்னை நிலத்துக்குள்ளேயே விடவில்லை. இப்போது வேறொருவர் அந்த நிலம் தனக்கே சொந்தம் என்று அண்ணன் மீது மட்டும் வழக்குப் போட்டிருக்கிறார். என்னைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா? நான் வழக்கில் இல்லாததால் தீர்ப்பு என்னைக் கட்டாது என்கிறார் உறவினர் ஒருவர்.

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அண்ணன்தான். அவர் பேசிய பேச்சு, விசேஷங்களுக்கு அழைக்காதது எதுவும் இந்த வழக்குக்கு உதவாது. பட்டாவுக்கும் அவ்வளவு கலங்க வேண்டாம். பட்டா மட்டும் உரிமை மூலம் ஆகாது. நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை, அதில் உங்கள் பங்கு அப்படியே இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் இது ஒன்றுதான் விஷயம். அந்தப் பங்கையும் சேர்த்துத் தீர்ப்புக் கேட்பவர் உங்களையும் பிரதிவாதியாக்கியிருக்க வேண்டும். ஆக்காததால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 1 விதி 10(2)-ல், என்னையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்று நீங்களே மனுப் போடுங்கள்.

உறவினர் சொன்னது பாதி உண்மை. அண்ணன் பொதுவான உரிமைக்காக நேர்மையாக வழக்காடித் தோற்றால், அதே சட்டத்தின் பிரிவு 11-ன் விளக்கம் 6-ஐக் காட்டி உங்களையும் அந்தத் தீர்ப்பில் கட்டப் பார்ப்பார்கள். கூட்டுச்சதி என்று பிறகு தனி வழக்குப் போடலாம்தான். அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

நான் பயப்படுவது மனுவோடு போகும் பிரமாணப் பத்திரத்துக்குத்தான். இந்தக் கடிதத்தை அப்படியே அதில் இறக்கினால் என்ன ஆகும்? "2009 முதல் என் உரிமையை மறுத்து, நிலத்தில் கால் வைக்க விடவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். நாளை உங்கள் பங்கைப் பிரித்துத் தரக் கேட்கும் பாகவழக்கு வரும்போது அண்ணனின் வக்கீல் அதையே சான்றாவணமாகக் குறியிட்டு, குறுக்கு விசாரணையில் உங்களிடமே படித்துக் காட்டுவார். கூட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் அனுபவம், அதாவது நிலத்தைக் கையில் வைத்து ஆள்வது, எல்லோருடைய அனுபவம்தான். பங்கை வெளிப்படையாக மறுத்து, 12 வருஷம் தனியே ஆண்டதை அவர் நிரூபித்தால்தான் உங்கள் உரிமை போகும். அது அவருக்குச் சுலபமில்லை. அந்த வேலையைத் தங்கள் கையெழுத்தாலேயே முடித்துக்கொடுத்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பாகவழக்குக்குக் கட்டணமும் ஏறும்: கூட்டு அனுபவம் என்றால் நீதிமன்றக் கட்டணச் சட்டம் 37(2)-ல் நிலையான சிறு தொகை, வெளியேற்றப்பட்டேன் என்றால் 37(1)-ல் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. சண்டை போட்டதும், வருமானம் தராததும், பட்டா மாற்றியதும் தனியாகப் பார்த்தால் உரிமை மறுப்பு ஆகிவிடாது. 2016-ல் குத்தகைப் பணத்தில் "உன் பங்கு" என்று அவர் வங்கியில் போட்டதை ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். உங்கள் பங்கை அவரே ஒப்புக்கொண்டதைக் காட்ட அது உதவும், அந்த வங்கிக் கணக்கு நகலை முதலில் வாங்குங்கள். மனுவில் அப்பாவின் இறப்பு, வாரிசு, பிரிவினை ஆகாதது, உங்கள் பங்கு, இந்த நான்கும் போதும். உங்களுக்கும் அண்ணனுக்கும் உள்ள கணக்கை இதில் இழுத்தால், அதற்குத் தனி வழக்குப் போடுங்கள் என்று மனுவையே தள்ளிவிட வாய்ப்புண்டு.

கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன்: அண்ணனோடு பேசுங்கள். உங்களுக்குள் ஆகாது என்று தெரிந்தால் எதிராளி அண்ணனை மட்டும் அழைத்துச் சமரசம் பேசுவார். பங்கில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, உடன்படிக்கையைப் பதிவு செய்துகொண்டு, இரண்டு பேரும் ஒரே நிலைப்பாட்டில், வழக்குக்குப் பதிலான எதிர்வழக்குரை போடுங்கள். அவர் இறங்கி வரவே இல்லையென்றால் பாகவழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். கடிதத்தில் நீங்கள் எழுதிய 2009-லிருந்து எண்ணினால் 12 வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது.